இன்ஜினீயரிங் சேரும் முன் எங்கள் எல்லைப் பக்கத்தில் செய்யும் தவறுகள்

கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டு ஊர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில், ஞாயிற்றுக்கிழமையானால் பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு யாராவது திண்ணைக்கு வந்துவிடுவார்கள். 'பிடித்ததைப் படி' என்பதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

மார்ச்சிலேயே அட்வான்ஸ் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எனக்குப் பரீட்சை முடிந்த மறுவாரமே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி. வழவழ காகிதத்தில் நீச்சல் குளம் போட்ட புத்தகம். "இன்னும் நாலு சீட்தான் இருக்குங்க" என்றார். அப்பா இரண்டு கறவை மாடுகளை விற்று 25,000 ரூபாய் கொடுத்தார். கைக்கு வந்தது ஒரு துண்டு ரசீது. அதில் ஃபீஸ் என்றும் இல்லை, டொனேஷன் என்றும் இல்லை, வெறும் 'வரவு'. ரிசல்ட் வந்ததும் அசல் மார்க் ஷீட்டையும் டிசியையும் கேட்டார்கள். ஜெராக்ஸ்கூட எடுக்காமல் கொடுத்தோம்.

அப்புறம் கேரள அரசின் சீட் அலாட்மென்ட் வந்தது. பாலக்காட்டை ஒட்டிய அகத்தேத்தறை என்எஸ்எஸ் கல்லூரியில் எலக்ட்ரிக்கல். 1960இல் தொடங்கிய, அரசு உதவி பெறும் கல்லூரி. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்திருக்கலாம். சான்றிதழைத் திருப்பி வாங்கக் கோயம்புத்தூர் போனோம். அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குள் நுழைந்தார். மேஜையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

சேர வேண்டிய தேதி போய்விட்டது. அங்கேயே மெக்கானிக்கல் படித்தேன். கடன் அடைய ஏழு வருடம் ஆனது.

இந்தப் பக்கம் ஏஜென்ட்டுகள் இவ்வளவு பேர் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. கேரளத்தைச் சொந்த மாநிலமாகக் கொண்டு, கேரளத்திலேயே படித்த பிள்ளை தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் உட்கார முடியாது. எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டினால் அதற்கு மிச்சம் பெரும்பாலும் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாதான். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில், சிறுபான்மைக் கல்லூரியாக இல்லாவிட்டால், நூற்றுக்கு 35 இடங்கள் அந்தக் கோட்டாவில் இருக்கின்றன. அதை நிரப்புவதுதான் ஏஜென்ட்டின் பிழைப்பு. நம் ரிசல்ட் வந்துவிட்டால் நமக்கு வேறு வழி தெரிந்துவிடும் என்பதால்தான் அவர் மார்ச்சிலேயே வருகிறார்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது, இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. அறிவித்த கடைசித் தேதிக்குள் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் கழிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் கட்டணம் என்று ரசீது இருந்தால்தானே இதைக் கேட்க முடியும்? ஏஜென்ட்டின் துண்டுச் சீட்டை எந்த விதியிலும் சேர்க்க முடியாது. கட்டியே தீர வேண்டுமென்றால் கல்லூரிப் பெயருக்கு வங்கி வழியாகக் கட்டுங்கள். அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

போன மாதம்கூட ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணா, சீட் புக் பண்ணியாச்சு." டிசி எங்கேடா என்றேன். "காலேஜ்லதாண்ணா, பத்திரமா இருக்கும்." எனக்கு வந்த கோபத்தில் அம்மா கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை.

பள்ளி அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம்

எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியில் படிக்கும் நம் பிள்ளைகள் நிறைய. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் அங்கே கவுன்சலிங்குக்குப் போகலாம். ஆனால் சொந்த மாநிலம் கேரளம் என்றால் உங்களைப் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். கேரளச் சாதிச் சான்றிதழை அங்கே நீட்டிப் பயனில்லை. போன வருடம் பிற்பட்டோர் பட்டியலின் கட் ஆஃபைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு அழுத வீடுகள் எனக்குத் தெரியும்.

கணக்கும் இரண்டு விதம். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கேரளத்தில் கீம் (KEAM) என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்து ரேங்க் போடுவார்கள். பொள்ளாச்சியில் படித்தாலும் கீமுக்கு விண்ணப்பித்து வையுங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கட்டும்.

'கிடைக்கிறதை' முதலில் போடுவது

கவுன்சலிங்குக்காகக் கல்லூரியையும் பிரிவையும் வரிசையாகப் போடும் ஆன்லைன் பட்டியலில் வேண்டியதுதான் மேலே வர வேண்டும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே இருப்பதற்குப் போகுமே தவிர, ஆசைப்பட்டதற்குத் தண்டனை ஒன்றும் இல்லை.

நண்பன் எடுத்த பிரிவு

வேண்டாம். இரண்டாம் வருடம் அவனுக்கு வேறு நண்பர்கள்.

ஒரு ஷிஃப்ட்கூடப் பார்க்காமல் முடிவெடுப்பது

மெக்கானிக்கல் என்றால் கார் டிசைன் என்று நினைத்துக்கொண்டு எங்கள் ஆலைக்கு ஒரு பையன் வேலைக்கு வந்தான். முதல் ராத்திரி ஷிஃப்டில் மோட்டார் பேரிங் சூடாகிவிட்டது. கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன், கறுப்பாக மணல்போல நெருநெருத்தது. "இதுக்கா சார் நாலு வருஷம் படிச்சேன்?" என்றான். மறுவாரம் வரவில்லை. அதே கிரீஸை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஏன் சார் இப்படி ஆச்சு?" என்று கேட்ட டிப்ளமா பெண் இன்றைக்கு எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ்.