படுத்தே கிடப்பது ஓய்வாகாது

வாரமெல்லாம் உழைத்துக் களைத்தவர் ஞாயிற்றுக்கிழமை சற்று நேரம் கழித்து எழுவதில் குறை சொல்ல எதுவுமில்லை. விழித்த பிறகும் பொழுது சாயும்வரை கைப்பேசியோடு படுக்கையிலேயே கிடப்பதுதான் தவறு. பகலில் விட்டுவிட்டுத் தூங்கினால் இரவில் தூக்கம் வராது. திங்கட்கிழமை அசதியோடுதான் விடியும்.

படுக்கை உடம்பை எவ்வளவு விரைவில் தளர்த்துகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். கடும் உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தார்கள். உழைக்கும் திறனைப் பொறுத்தவரை, அந்த மூன்று வாரம் செய்த சேதம் 30 ஆண்டு மூப்பு செய்ததைவிட அதிகம்!

இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலில் விழுந்த பாட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் பாட்டி, நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று அன்போடுதான் சொல்கிறோம். காய்ச்சல் விட்ட பிறகும் அதையே தொடர்ந்தால் தொடைச் சதை கரைந்து, கழிவறைக்குப் போகவே ஆள் துணை தேவைப்படும். கெண்டைக்கால் தசை அசையாவிட்டால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் தேங்கி உறையலாம். அந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் தடுக்காதவரை, அவரை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். கைபிடித்து வாசல்வரை நடத்துங்கள். நெடுநாள் படுத்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; முதலில் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்காரட்டும்.

முதுகுவலிக்கு நாள்கணக்கில் அசையாமல் படுப்பது பழைய வைத்தியம். சாதாரண முதுகுவலிக்கு, தாங்கும் அளவுக்கு நடமாடச் சொல்வதுதான் இன்றைய மருத்துவம். கால் மரத்துப் பலவீனமானாலோ சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் படுத்தே கிடந்தால், "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.