சுண்டல் கடை போட்டு நிதி திரட்டும் மாணவர்களுக்கு

பணம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, அனுமதிக் கடிதத்திலும் சுவரொட்டியிலும் ஒரே வாசகமாக எழுதுங்கள். ‘நல்ல காரியத்துக்கு’ என்று மொட்டையாகப் போட்டால் யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள்.

பண்டம் இரண்டு போதும்: சுண்டல், எலுமிச்சை ஜூஸ். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ. 100 கிராம் கப்பில் 20 பேருக்கு வரும். முந்தின இரவே ஊறப்போட மறந்தால் வழக்கமான விசிலில் கடலை வேகாமல் கடுக்கென்றுதான் இருக்கும். தேங்காய்த் துருவலைக் கொடுக்கும்போது தூவுங்கள். முன்பே கலந்தால் வெயிலில் ஊசிப்போகும்.

பணம் வாங்குபவர் பண்டம் கொடுக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரிசை எண் போட்ட டோக்கனை ஒருவர் விற்கட்டும். இன்னொருவர் அதை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுக் கப்பை நீட்டட்டும். நண்பர்களுக்கு ‘சும்மா ஒண்ணு’ போவது இப்படித்தான் நிற்கும். விலை 20 அல்லது 30 ரூபாய். 25 என்றால் நாள் முழுக்கச் சில்லறைத் தகராறு. பெட்டியில் முதலில் வைக்கும் 1,000 ரூபாய்ச் சில்லறையைத் தனியே குறித்துவையுங்கள், இல்லையென்றால் மாலையில் அதுவும் வசூலில் சேர்ந்துவிடும். யுபிஐ என்றால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், கணக்கு வைத்திருப்பவர் போனில் பணம் வந்ததா என்று பாருங்கள்.

கூட்டம் கலைந்ததும் அங்கேயே எண்ணுங்கள். ரொக்கத்தில் முதலில் வைத்த சில்லறையைக் கழித்து யுபிஐ வரவைக் கூட்டினால், விற்ற டோக்கன் தொகை வர வேண்டும். குறைந்தால் குறைந்ததாகவே எழுதுங்கள், கைக்காசு போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். எத்தனை கப் மிஞ்சியது, எந்த மணிக்குத் தீர்ந்தது என்பதையும் அதே தாளில் குறியுங்கள். செலவு போக மீதியை வங்கி வழியாக அனுப்பி, ரசீது நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.