லிவா மணலில் ரிம்மை விட்டுக் கழன்ற டயர்: என் அனுபவம்

அபுதாபியின் லிவா பாலைவனத்தில் மணலுக்காக டயர் காற்றை 12–15 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) இறக்குவோம். அந்த அழுத்தத்தில் சரிவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் விளிம்பு ரிம்மிலிருந்து (சக்கரத்தின் உலோக வளையம்) நழுவும். குழுவில் ஒரு வண்டிக்கு அப்படித்தான் ஆனது.

சமதளத்தில், ஜாக்கிக்கு அடியில் அகலப் பலகை போட்டுத் தூக்கினேன். பலகை இல்லாவிட்டால் ஜாக்கி மணலுக்குள் போய்விடும். மெனக்கெட வேண்டியது விளிம்பில்தான்: தண்ணீர் விட்டு மணலைக் கழுவி, சோப்புநீர் தடவ வேண்டும். ஒட்டிய மணல் இருந்தால் கசிவு நிற்காது. டயரின் நடுச்சுற்றில் ராட்செட் பட்டையை (கைப்பிடியால் இறுக்கும் நாடா) இறுக்கினால் விளிம்புகள் ரிம்மை நோக்கி விரியும். விளிம்பை உட்கார வைக்கப் பெட்ரோல் தெளித்துக் கொளுத்தும் வித்தை வேண்டவே வேண்டாம்.

வால்வு ஊசியை (வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் பாகம்) கழற்றிவிட்டுக் காற்றடித்தால் விளிம்பு ரிம்மைச் சீக்கிரம் பிடிக்கும். பிடித்ததும் பட்டையைத் தளர்த்திவிட்டுத் தொடர்ந்து அடிக்க, 'டப்' என்று விளிம்பு உட்கார்ந்தது. ஊசியைப் போட்டு 30 வரை ஏற்றி, சோப்புநீரில் கசிவு பார்த்து, 15க்கு இறக்கினேன்.