சார்ஜர் செருகினால் துள்ளும் சுட்டி: என் அனுபவம்

கல்லடியில் வாடகை அறைக்கு மாறியதும் மடிக்கணினியின் சுட்டி திரையெங்கும் துள்ளத் தொடங்கியது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், வைரஸ் தேடினேன், பலனில்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்காரர் டச்பேடையே மாற்றச் சொன்னார். இத்தனைக்கும் அவர் மேசையில், அதே சார்ஜரோடு, அது ஒழுங்காகத்தான் ஓடியது!

அறையில் சார்ஜரைக் கழற்றினால் துள்ளல் நின்றுவிடும். செருகியிருக்கும்போது உலோக மூடியில் புறங்கை உரசினால் மணல் தடவியதுபோல் மெல்லிய அதிர்வு. அதுதான் துப்பு. விரல் பட்டதும் மாறும் மின்தேக்க அளவை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை, வைத்தே டச்பேட் இடத்தை அறிகிறது. எர்த், அதாவது நிலத்தோடு இணைக்கும் கம்பி, இல்லாவிட்டால் சார்ஜரின் மின்னிரைச்சல் (வேண்டாத மின் அலைவு) அந்த அளவைக் குழப்பிவிடலாம்.

வயரிங் வேலை செய்யும் தம்பி பிளக் பொயின்டைத் திறந்தார். எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் கம்பி இழுத்துப் பொருத்தியதும் சுட்டி அடங்கிவிட்டது.