சேலத்திலிருந்து இங்கிலாந்து வரும் டாக்டர்களுக்கு: பகுதி நேரம் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருப்பவர், காலையில் வார்டும் வகுப்பும் முடித்துவிட்டு சாயங்காலம் ஐந்து ரோடு பக்கம் கிளினிக்கில் உட்காரலாம். இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் எடுபடாது. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் எழுதியிருக்கும் வேலைதான் உங்கள் வேலை; கூடுதலாகப் பார்க்க வாரம் 20 மணி நேரம் வரை, அதுவும் நிபந்தனைகளோடு. ஆனால் அங்கே கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: அதே பதவியில் இருந்துகொண்டே வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் டீன் அலுவலகத்தில் அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள்; சேர்ந்த தேதி, விட்ட தேதி, வகுப்பு எடுத்தது, ஆய்வு செய்தது எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள், டாக்டர்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி. கையில் போகும்போது அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது.

வந்தவுடன் பெரும்பாலும் கிடைப்பது டிரெயினிங் (நிபுணர் ஆவதற்கான பயிற்சிப் பதவி) அல்லாத டிரஸ்ட் வேலை; டிரஸ்ட் என்பது அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு. அதில் 2024 ஏப்ரல் 6 முதல், சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். கேட்க உரிமை உண்டு என்பதால் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. டிரெயினிங்கில் இருப்பவர்களுக்கு எல்.டி.எஃப்.டி., அதாவது முழு நேரத்துக்குக் குறைவான பயிற்சி என்ற தனி வழி. 2022 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் குழந்தை, நோய் என்று காரணம் காட்டத் தேவையில்லை. பொதுவாக 16 வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். ஆளை எதிர்பார்த்து ரோட்டா (பணி அட்டவணை) ஏற்கெனவே போட்டிருப்பார்கள், கடைசி நேரத்தில் கேட்டால் அதனால்தான் தட்டிப் போகிறது.

கணக்கு இப்படி: முழு நேரம் வாரம் 40 மணி என்றால் 60 சதவீதம் 24 மணி. ஓராண்டுப் பயிற்சி 20 மாதமாக நீளும்; 80 சதவீதத்தில் 15 மாதம். சம்பளமும் விடுப்பும் அதே விகிதத்தில் குறையும். குறையாதவை: ஆண்டு அப்ரைசல் (பணி மதிப்பாய்வு), ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரீவேலிடேஷன் (தொழில் உரிமத்தை மறு உறுதி செய்வது). பென்ஷன் சந்தாவை 2022 அக்டோபர் முதல் கையில் வரும் உண்மைச் சம்பளத்தை வைத்தே பிடிக்கிறார்கள், அது பகுதி நேரக்காரருக்கு நல்லது.

பலரும் கோட்டை விடும் இடம் விசா. பதவிக்கான சம்பள விகிதத்தை விசா அதிகாரிகள் மணி நேரக் கணக்கில் குறைத்துப் பார்ப்பார்கள். ஆனால் விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அப்படிக் குறையாது. 50 சதவீதத்துக்கு இறங்கினால் அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறீர்களா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். நேரம் குறைந்ததை ஸ்பான்சர், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

ஆய்வுப் பக்கம் வர நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். ஆய்வும் சிகிச்சையும் கலந்த பயிற்சிப் பதவிகளில், அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோ பதவியில் 25 சதவீதமும், கிளினிக்கல் லெக்சரர் பதவியில் 50 சதவீதமும் ஆய்வுக்கென ஒதுக்கியவை. அரசின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பான என்.ஐ.எச்.ஆர். தரும் டாக்டரல் ஃபெலோஷிப்பை (முனைவர் பட்ட உதவி) பகுதி நேரமாகவும் எடுக்கலாம். மூன்றாண்டு, 50 சதவீதத்தில் ஆறாண்டாகும். கன்சல்டன்ட் (பயிற்சி முடித்த மூத்த நிபுணர்) ஆனபின் வேலையைப் பி.ஏ. என்ற அலகில் அளப்பார்கள்; முழு நேரத்துக்கு வாரம் 10 பி.ஏ., ஒரு பி.ஏ. பொதுவாக நாலு மணி. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் அதைப் பங்கு போடும். இரு தரப்பும் சேர்ந்து ஒரே அப்ரைசல் நடத்த வேண்டும்.

இந்த ஏற்பாடு உடைவது எப்போதும் ஒரே மாதிரிதான். 10-லிருந்து 6 பி.ஏ.வுக்கு இறங்கும்போது மருத்துவமனை தன் ஓ.பி.யைக் குறைக்காது, பல்கலைக்கழகம் தன் வகுப்பைக் குறைக்காது, நடுவில் கரைவது ஆய்வு நேரம். ஆகவே ஜாப் பிளானில் (வாராந்தர வேலைத் திட்டத்தில்) சதவீதத்தோடு கிழமையையும் எழுதி வாங்குங்கள்: செவ்வாய், புதன் ஆய்வு; வியாழன் ஓ.பி. இல்லை. ஆன்கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதும் அதிலேயே இருக்கட்டும். வேலை இல்லாத நாளில் வந்த மீட்டிங்கை ஒருமுறை பொறுத்துக்கொண்டால் அது வாராவாரம் வரும்.

சேலத்தில் உறவினர்கள் ‘வேலை போயிடுச்சா?’ என்று கேட்பார்கள். பதில் சொல்ல நினைத்தால் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.