சாண்டா குரூஸ் மலைநடை: முதல்முறை போகிறவர்களுக்கு

பெருவில் பலநாள் மலைநடை என்றாலே எல்லோரும் மாச்சு பிச்சு பக்கம் ஓடுகிறார்கள். அங்கே போகும் இன்கா பாதைக்கு அனுமதிச்சீட்டு பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கூட வழிகாட்டி இல்லாமல் அங்கே கால் வைக்கவும் முடியாது. வடக்கே வாரஸ் ஊருக்குப் போனால் அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. அங்கே, வாஸ்கரான் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது சாண்டா குரூஸ் பாதை. சுமார் 50 கிலோமீட்டர், நான்கு பகல், மூன்று இரவு. கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம். கஷ்டமெல்லாம் உயரத்தில்தான்: நடுவில் வரும் கணவாய் 4,750 மீட்டர்.

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. அந்த மாதங்களில் போங்கள்.

படி 1: முதலில் ஊரில் தங்குங்கள்

லிமா கடலோர நகரம். அங்கே இரவுப் பேருந்து ஏறினால் சுமார் எட்டு மணி நேரத்தில் வாரஸ், 3,050 மீட்டர். நான் முதல் தடவை போனபோது, வந்து இறங்கிய மறுநாளே 4,600 மீட்டரில் இருக்கும் லகுனா 69 ஏரிக்குக் கிளம்பிவிட்டேன். கடைசி ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். ஏரி என்ன நீலம் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை, தலை அப்படி இடித்தது. திரும்பும் வேனில் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடியே வந்தேன். உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை, அவசரம்தான் தப்பு.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சந்தை, சாப்பாடு, தூக்கம். இரண்டாம் நாள் வில்ககோச்சா ஏரி, 3,700 மீட்டர், அரைநாள் வேலை. மூன்றாம் நாள் சாவின் தே வாந்தார். மாச்சு பிச்சுவைக் கட்டிய இன்காக்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கோயில் அது. நிலத்தடிச் சுரங்கங்களின் இருட்டில் நான்கரை மீட்டர் உயரக் கருங்கல் சிலை ஒன்று இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. போகும் சாலை 4,500 மீட்டர் வரை ஏறி இறங்குவதால், உட்கார்ந்தபடியே உடம்புக்கும் கொஞ்சம் பழக்கம் கிடைக்கும். லகுனா 69 நான்காம் நாள்தான்.

பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பது முக்கியம். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. இந்த நடையின் மூன்று இரவுகள் 3,760, 4,250, 3,850 மீட்டரில். முதல் இரவு மட்டும் வரம்பைத் தாண்டுகிறது. ஊரில் நான்கு நாள் தங்கச் சொன்னது அதற்காகத்தான்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வரும் இந்த உயர நோய்க்கு அங்கே சொரோச்சே என்று பெயர். கோக்கா இலைத் தேநீர் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இதமாக இருக்கும். ஆனால் அது மருந்தாகாது. மாத்திரை வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடுராத்திரியானாலும் கீழே இறங்கத்தான் வேண்டும்.

படி 2: பை, அடுப்பு, சாப்பாடு

கூடாரம், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாரஸில் வாடகைக்குக் கிடைக்கும். கடையிலேயே கூடாரத்தை விரித்து ஜிப்பை இழுத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், எனவே மைனஸ் ஐந்து வரையாவது தாங்கும் ஸ்லீப்பிங் பேக் வேண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் விடமாட்டார்கள், வாரஸில் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் விறகுத் தீ மூட்டக் கூடாது. பூங்கா அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. பலநாள் சீட்டு வாங்கும்போது, வழிகாட்டி பற்றி அப்போதைய விதி என்ன என்றும் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: அரிசி தூக்கிக்கொண்டு போவது. 4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரம் தளதளவென்று கொதிக்கும், அரை மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருக்கும். பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேஸ்தான் தீரும். ஓட்ஸ், அவல்போலத் தட்டிய கினோவா, மெல்லிய நூடுல்ஸ், பாலாடைக்கட்டி, ரொட்டி, முதல் நாளுக்கு இரண்டு அவகாடோ, இவ்வளவு போதும். வாரஸ் சந்தையில் எல்லாம் கிடைக்கும்.

வழியெங்கும் ஓடை, கரையெங்கும் மாடு. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தண்ணீரை வடிகட்டியோ குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். இரவில் வடிகட்டியை உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் உறைந்தால் இழை வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

படி 3: நான்கு நாட்கள்

பாதைக்கு ஒரு முனை கஷாபம்பா, மறுமுனை வக்கேரியா, எங்கிருந்தும் தொடங்கலாம். நான் கஷாபம்பாவில் தொடங்கச் சொல்வேன், தூங்கும் உயரம் படிப்படியாக ஏறும் என்பதால். வாரஸிலிருந்து கராஸுக்கு வேன், அங்கிருந்து கஷாபம்பாவுக்கு டாக்ஸி.

முதல் நாள் குறுகலான பள்ளத்தாக்கில் நேர் ஏற்றம், நல்ல வெயில். பையைக் கழுதையில் ஏற்றிவிடலாம். ஓட்டுபவரை ஆரியேரோ என்பார்கள். கூலியோடு அவர் திரும்பிப் போகும் நாளுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இரவு யாமகொராலில்.

இரண்டாம் நாள் பள்ளத்தாக்கு அகலமாகிறது. வரைபடத்தில் கோச்சா என்று முடிந்தால் ஏரி, பம்பா என்றால் சமவெளி, ராஹு என்றால் பனிமலை. எல்லாம் இந்த மலை மக்களின் கெச்சுவா மொழி. ஹாத்துன்கோச்சா, அதாவது பெரிய ஏரி, தாண்டியதும் வெறும் மணலும் கல்லுமாக ஒரு வெளி வரும். 2012இல் மேலே ஓர் ஏரி கரையுடைத்து அடித்துவந்தது அது. அங்கே பாதை மங்கலாக இருக்கும், கற்குவியல் அடையாளங்களைப் பார்த்துப் போங்கள். தெம்பு இருந்தால் இடப்புறம் பிரியும் பாதையில் ஏறி அல்பமாயோ சிகரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மூச்சு வாங்கினால் விட்டுவிடுங்கள், நாளைக்குக் கணவாய் இருக்கிறது. இரவு தவுயிபம்பாவில். மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும், அதற்குள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கே நடங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும். ஏறும் வேகத்தில் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் அது அதிக வேகம். புந்தா ஊனியோன் கணவாய் பாறைச்சுவரில் வெட்டிய ஒரு வாசல் மாதிரி. கடைசி வளைவு வரை அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உள்ளே நின்று திரும்பினால் எதிரே தவுயிராஹு சிகரம், காலடியில் பச்சை கலந்த நீலத்தில் ஏரி. அந்தப் பக்கம் இறங்கி 3,850 மீட்டரில் பாரியா முகாம்.

நான்காம் நாள் இறக்கம்தானே என்று நினைத்துத் தண்ணீரைக் காலி செய்துவிடாதீர்கள். கிராமங்களைத் தாண்டியதும் வக்கேரியா சாலைக்கு ஒரு கடைசி ஏற்றம் காத்திருக்கிறது, பாதி பேர் அங்கேதான் திட்டித் தீர்ப்பார்கள். நண்பகலுக்குள் மேலே வந்துவிடுங்கள். வாரஸ் திரும்பும் வழியில் இருக்கும் யுங்காய் ஊருக்குப் போகும் வண்டிகள் அதற்குப் பிறகு குறைவு.

வண்டியில் இடப்புற ஜன்னலைப் பிடியுங்கள். சாலை 4,767 மீட்டரில் மலையைக் கடக்கிறது, நீங்கள் மூச்சு வாங்கி ஏறிய கணவாயைவிட 17 மீட்டர் அதிகம்! அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது கீழே யங்கானுகோ ஏரிகள், இடப்பக்கம் 6,768 மீட்டர் வாஸ்கரான். 1970 மே 31 நிலநடுக்கத்தில் இதன் வடசிகரத்திலிருந்து சரிந்த பனியும் பாறையும்தான் பழைய யுங்காய் ஊரைப் புதைத்தது. கல்லறை மேட்டில் ஏறியவர்கள் தப்பினார்கள். அந்த இடத்தை இப்போது நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். வாரஸ் வேன் ஏறும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.