பெருநகரில் வீட்டுச் சுவை தரும் உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெருநகரில் வீட்டுச் சமையலை ஒத்த, மனத்துக்கு இதமான உணவைத் தேடுபவர் முதலில் உணவுப் பட்டியலின் நீளத்தைப் பார்க்க வேண்டும். நூறு வகைகளை அடுக்கும் சிறிய சமையலறையில் எல்லாமே அன்றன்று சமைத்தவையாக இருக்க வாய்ப்பில்லை. முதல் முறை செல்லும்போது மிக எளிய ஒன்றை, சூப் போன்றதை, கேளுங்கள். மசாலாவும் அலங்காரமும் எதையும் மறைக்க முடியாத இடத்தில்தான் சமைப்பவரின் கைப்பக்குவம் தெரியும். கிண்ணம் வந்ததும் கரண்டியை மெல்ல உள்ளே விட்டுப் பாருங்கள்: ஓரம் கொதித்து நடுப்பகுதி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் மைக்ரோவேவில் அவசரமாகச் சூடேற்றப்பட்டது. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதால், ஆறிப்போனதைத் திருப்பி அனுப்பக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு செல்வதே நல்லது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் விற்பனை மும்முரமாக இருக்கும்போதுதான் புதிய பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்குகிறது. பிறரின் மதிப்புரைகளில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, ஒரே உணவைப் பல மாத இடைவெளியில் உண்டவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். குறை இருந்தால், பாதித் தட்டு காலியாவதற்குள் பணியாளரிடம் தணிந்த குரலில் சொல்லிவிடுங்கள்.